ஸ்டூல் சின்னத்தில் என் அம்மா

எங்கள் வீட்டில் எதைக் கேட்டாலும் அம்மாவிடமிருந்து மூன்று பதில்களில் ஒன்றுதான் வரும். ‘ஆகும்’, ‘ஆகாது’, ‘பாக்கலாம்’. ‘ஆகும்’ என்று சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு அவளுக்கு நினைவுபடுத்தவே வேண்டாம். மழை கொட்டினாலும் பஸ் ஓடாவிட்டாலும் அந்தக் காரியம் நடந்துவிடும். ‘ஆகாது’ என்றால் தரையில் உருண்டு அழுதும் பிரயோஜனமில்லை, பாவாடைதான் அழுக்காகும். ‘பாக்கலாம்’ என்பதுதான் இருப்பதிலேயே மோசம். அதை நம்பி ஆசையோடு காத்திருந்து பலமுறை ஏமாந்த பிறகு, அதுவும் ‘ஆகாது’தான், விருந்தாளிகள் முன்னால் சொல்வதற்காகக் கொஞ்சம் பவுடர் பூசி வைத்திருக்கிறாள் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

அப்பா அப்படியில்லை. டீ ஃபேக்டரியில் இலை உலர்த்தும் இடத்தில் அவருக்கு வேலை. எதைக் கேட்டாலும் ‘வாங்கிடலாம் கண்ணு’ என்பார். சைக்கிள் கேட்டாலும் அதே பதில், யானைக்குட்டி கேட்டாலும் அதே பதில். ஒன்றும் வீடு வந்து சேர்ந்ததில்லை. ஆனாலும் எனக்கு அப்போது அப்பாவைத்தான் ரொம்பப் பிடிக்கும். அம்மாவை, உலகத்திலேயே ஆசையே இல்லாத ஒரு ஜென்மம் என்று நினைத்திருந்தேன்.

இப்போது நான் கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வருடம் பிறந்ததும் எங்களை ஒரு குளிரூட்டிய அறையில் உட்காரவைத்து, டை கட்டிய ஒருவர் திரையில் படம் போட்டு, இலக்கு என்பது எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று மதியம் வரை விளக்குவார். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் சிரிப்பு வந்துவிடும். அதோடு கொஞ்சம் கர்வமும் வரும். காரணம், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் என் அம்மா தேர்தலில் நின்றாள்.

குன்னூரிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரத்தில் எங்கள் எஸ்டேட். பெயர் வேண்டாம், சொன்னால் பழைய கவுன்சிலர் இன்னும் கோபித்துக்கொள்வார். எங்களுடையது லைன் வீடு. சிலோன் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள்தான் அந்த வரிசை முழுக்க. அதனால் பெரியவர்கள் அதை இன்னும் ‘லயம்’ என்றுதான் சொல்வார்கள். மேல் லயம், கீழ் லயம், பஜாரை ஒட்டிச் சர்ச்சுக்குப் பக்கத்தில் இருந்த சில வீடுகள், எல்லாம் சேர்ந்து பேரூராட்சியில் ஒரு வார்டு.

பஸ் நின்று நாங்கள் ஏறி வரும் வழியில் ஒரு வளைவு உண்டு. அங்கே ஒரு விளக்குக் கம்பம் நின்றது. கம்பம் மட்டும்தான், வெளிச்சம் வந்ததை யாரும் பார்த்ததில்லை. பொழுது சாய்ந்தால் காட்டெருமை வந்து அந்தக் கம்பத்தில்தான் முதுகு சொறிந்துகொள்ளும். கீழ் லயத்து அக்கா ஒருத்தி பஜாருக்குப் போய்த் திரும்பும்போது இருட்டில் அந்தக் காட்டெருமை மேலேயே போய் முட்டிக்கொண்டாள். கால் எலும்பு உடைந்து, மறுபடி மலை ஏறி வேலைக்குப் போகவே முடியாமல் போய்விட்டது. அம்மா அந்த விளக்குக்காகக் கவுன்சிலரைப் பலதடவை போய்ப் பார்த்தாள். அவர் நல்ல மனிதர். காபி கொடுப்பார். ‘கட்டாயம் செஞ்சிருவோம்மா’ என்பார். ‘கட்டாயம்’ என்ற சொல்லைக் கேட்டாலே அம்மாவுக்கு முகம் சுருங்கும்படி ஆகிவிட்டது.

அந்த முறை எங்கள் வார்டு பெண்கள் வார்டாக மாறியது. கவுன்சிலர் அசரவில்லை. தன் மனைவியை நிறுத்தினார். அந்த அம்மாள் பாவம், வாசலில் கோலம் போடக்கூட வெளியே வந்து பார்த்ததில்லை. அவர் படத்தைப் பெரிதாகவும் மனைவி படத்தை ஓரத்திலும் போட்ட சுவரொட்டி பஜார் முழுக்க வந்துவிட்டது.

தேயிலைக் காட்டில் அம்மாவோடு இலை எடுக்கிற பெண்கள், ‘நீ நில்லேன்’ என்றார்களாம்.  அம்மா தன் நிரையைக் கடைசிச் செடி வரை எடுத்துமுடித்து, பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, ‘சரி, நிக்கிறேன்’ என்றாளாம்.

இந்த நிரை விஷயத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். காலையில் பெரட்டில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கும்போது, ஒவ்வொருத்திக்கும் செடி வரிசை ஒன்றை ஒதுக்குவார்கள். அதுதான் நிரை. சரிவு கடுமையாக இருந்தாலோ, கொழுந்து அடர்ந்திருந்தாலோ, சூப்பர்வைசர் ‘ஆகுமா?’ என்று கேட்பார். உடம்புக்கு முடியாதவள் அப்போதே ‘பாதி ஆகும்’ என்று சொல்லிவிடலாம். அதில் ஒரு கேவலமும் இல்லை. உடனே பக்கத்து நிரைக்காரி ‘மீதிய நான் எடுத்துக்குறேன்’ என்பாள். அவள் கை எட்டாவிட்டால் அடுத்தவள். ஆனால் ‘ஆகும்’ என்று வீம்புக்குச் சொல்லிவிட்டு நடுவிலே விட்டுவந்தவளுக்கு ஒருத்தியும் கை கொடுக்க மாட்டாள். மறுநாள் அவள் ‘ஆகும்’ என்று சொன்னாலும் சூப்பர்வைசர் காதில் வாங்காத மாதிரி நிற்பார். லீவு நாளில் அம்மாவோடு காட்டுக்குப் போகும்போதெல்லாம் இதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தேனே தவிர, மண்டையில் ஏறவில்லை.

எங்கள் தரப்புக்குத் தளபதி மாமாதான். அம்மாவுக்கு ஒரே தம்பி. குன்னூரில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சர்ச்சுத் திருவிழா, எதுவானாலும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான் மரத்தில் ஏறும். வாழ்நாள் முழுக்க அடுத்தவர்கள் பேசுவதற்கு ‘ஹலோ, மைக் டெஸ்டிங்’ சொல்லியே அலுத்துப்போன மனிதர். தன் குடும்பத்திலேயே ஒரு வேட்பாளர் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை.

சின்னம் வாங்க அவர்தான் அம்மாவோடு போனார். சுயேச்சைக்கு இருந்த சின்னங்களில் ஹெலிகாப்டர்மேல் கண் வைத்திருந்தார். மலைமேல் ஹெலிகாப்டர் பறக்கிற மாதிரி பேனர் கூட மனதுக்குள் அடித்துவிட்டார். குலுக்கலில் ஹெலிகாப்டர் வேறு யாருக்கோ போய்விட்டது. எங்களுக்கு வந்தது ஸ்டூல். அன்று மாமா வீட்டுக்குள் நுழைந்த முகத்தைப் பார்த்து, யாரோ இறந்துவிட்டார்கள் என்று அப்பா எழுந்தே நின்றுவிட்டார்.

‘ஸ்டூலுக்கு என்னடா கொறச்சல்? பரண்மேல இருக்கறத எடுக்கணும்னா எல்லாரும் அதத்தானே தேடறோம்’ என்றாள் அம்மா. எனக்கும் அவமானமாகத்தான் இருந்தது. நான் ஏற்கெனவே வகுப்பில் ஹெலிகாப்டர் என்று சொல்லிவிட்டிருந்தேன்.

அடுத்தது வாக்குறுதி. கவுன்சிலர் தரப்பில் அதற்குள் ஊரையே அளந்து விட்டிருந்தார்கள். லயத்துக்கு லயம் மினி பஸ், இருபத்துநாலு மணி நேர ஆஸ்பத்திரி, பூங்கா, படகு இல்லம். எங்கள் வார்டில் படகு விடுவதற்கு இருந்த ஒரே நீர்நிலை துணி துவைக்கும் தொட்டிதான். அதற்காக மாமா சளைத்துவிடுவாரா? படகுக்குப் பதிலாக ரோப் கார் என்றார். கம்பியில் தொங்கியபடியே நேராகக் குன்னூர் மார்க்கெட்டில் போய் இறங்கலாம் என்று கையை நீட்டிக் காட்டினார். நான் கைதட்டினேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டே முழுவதையும் கேட்டாள். ‘சரி, இதுல எது ஆகும்?’

மாமாவுக்குக் கேள்வியே புரியவில்லை. ‘அக்கா, இது எலெக்சன். ஆகறது ஆகாததெல்லாம் அப்புறம். சொல்றதுக்கு என்ன காசா பணமா?’

‘ஆகாதத எதுக்குடா சொல்லணும்? நாளைக்கி அவங்க மூஞ்சியிலதானே நான் முழிக்கணும்?’

அதோடு ரோப் கார் அறுந்து விழுந்தது. ஆஸ்பத்திரி, பூங்கா எல்லாம் போயிற்று. கடைசியில் மிச்சம் நின்றது வளைவுக்கு விளக்கு, மேல் லயத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர், பஸ் நிறுத்தத்துப் படிக்கட்டில் பிடித்து ஏற ஒரு கம்பி. அவ்வளவுதான். மாமா இதை வைத்துக்கொண்டு எப்படிப் பிரச்சாரம் செய்வது என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

எனக்கு வாசிப்பு நன்றாக வரும் என்பதால் ஜீப்பில் மைக் பிடிக்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது. ‘வீரமங்கையே, விடிவெள்ளியே’ என்று மாமா எழுதித் தந்ததை நான் முழங்க முழங்க, பின் சீட்டில் இருந்து அம்மா முதுகில் குத்துவாள். ‘படிக்கட்டுக் கம்பியச் சொல்லுடி’ என்பாள். ‘படிக்கட்டில் கம்பி வைப்போம்’ என்று மைக்கில் சொல்லும்போது குரல் தானாக உள்ளே போய்விடும். எங்கள் ஜீப்புக்கு எதிரே கவுன்சிலர் ஜீப் வரும். அதிலிருந்து படகு இல்லம் என்று ஒரு கனத்த குரல் மலையெல்லாம் எதிரொலிக்கும். படகுக்கு எதிரே கம்பி எம்மாத்திரம்!

பிரச்சாரத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் கூட்டம். பிள்ளைக் காம்பராவுக்கு முன்னாலிருந்த திடலில் நடந்தது. வேலைக்குப் போகும் அம்மாக்கள் கைக்குழந்தைகளை ஆயாவிடம் விட்டுப் போகிற கட்டடம் அது. இங்கே பிறந்த லயத்துக்காரர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு காலத்தில் அங்கே தொட்டிலில் கிடந்தவர்கள்தான். முந்தின நாள் அதே இடத்தில் கவுன்சிலர் கூட்டம் நடந்து பிரியாணிப் பொட்டலம் கொடுத்திருந்தார்கள். அந்த வாசனை இன்னும் அங்கேயே நின்றது. நாங்கள் கொடுத்தது டீயும் வர்க்கியும்.

மாமா முதலில் பேசினார். ரொம்ப நேரம் பேசினார். சரித்திரம், சகாப்தம் என்றெல்லாம் வந்தது. எனக்குப் புல்லரித்தது. பிறகு அம்மா எழுந்தாள். அவள் குள்ளம். பின்னால் நிற்பவர்களுக்குத் தெரியாது என்று யாரோ வீட்டிலிருந்து ஸ்டூல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டார்கள். அதன் ஒரு கால் ஆடும். சின்னத்தின்மேலேயே ஏறி நின்று, விழாமல் இருக்க அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ‘எனக்குப் பேச வராதுங்க. என்ன வேணுமோ கேளுங்க, சொல்றேன்’ என்றாள்.

சர்ச்சுப் பக்கத்து வீடுகளிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர்தான் முதலில் எழுந்தார். ‘ஏனுங்க, அவிங்க ஆஸ்பத்திரி கொண்டாறோம்னு சொல்றாங்க. நீங்க கொண்டாருவீங்களா?’

‘ஆகாதுங்க.’

ஸ்பீக்கரில் அந்தச் சொல் எதிர்மலை வரை போய்த் திரும்பி வந்தது. மாமா ஆம்ப்ளிஃபையர் பெட்டிமேல் கையை வைத்தார், நிறுத்திவிடலாமா என்று யோசித்தவரைப்போல.

வேறொருவர் வீட்டுக்குப் பட்டா கேட்டார். ‘ஆகாதுங்க. அது கவுன்சிலர் கையில இல்ல. வாங்கித் தர்றேன்னு யார் சொன்னாலும் நம்பாதீங்க. நான் சொன்னாலும் நம்பாதீங்க.’ கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. ஓரமாக நின்ற சில ஆண்கள் டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். என் வகுப்புப் பிள்ளைகள் சிலர் முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பார்த்து இளித்தார்கள். மண் பிளந்து என்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது. ஒரே ஒரு தடவை, பொய்யாகவாவது, ‘ஆகும்’ என்று சொல்லித் தொலைத்தால் என்ன?

‘வளைவுல லைட்டு?’ என்று கேட்டாள் ஒருத்தி. காட்டெருமைமேல் முட்டிக்கொண்ட அக்காதான். கோலை ஊன்றிக்கொண்டு வந்திருந்தாள்.

‘ஆகும்’ என்றாள் அம்மா.

கூட்டம் சட்டென்று அடங்கியது. அது ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இலை எடுக்கிற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மேல் லயத்துத் தண்ணீரைக் கேட்டார்கள், ‘ஆகும்’ என்றாள். படிக்கட்டுக் கம்பிக்கும் ‘ஆகும்’ என்றாள். பிறகு ஒரு பெண் ரேஷன் கடையை லயத்துக்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டாள். மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு அத்தனை தூரம் ஏறி வருவது பெரிய பாடு.  அம்மா ஆடுகிற ஸ்டூலில் கொஞ்சம் நகர்ந்து நின்றாள்.

‘கடை ஆகாது. மாசத்துல ஒருநாள் வண்டியில கொண்டாந்து இங்கேயே குடுக்க வெக்கலாம். அதுக்கு ஆபீசு ஆபீசா ஏறி எறங்கணும். நான் மட்டும் போனா தொரத்தி விட்டுருவாங்க. அது பாதி ஆகும்.’

தேர்தல் கூட்டத்தில் பாதி வாக்குறுதி கொடுத்த முதல் வேட்பாளர் அநேகமாக என் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். மாமா கண்ணை மூடிக்கொண்டார். அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பெரியக்கா என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண் அவள். காட்டில் அம்மாவுக்கு எப்போதும் பக்கத்து நிரை. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள்.

‘மீதிய நாங்க எடுத்துக்குறோம்.’

அதற்குக் கைதட்டல் எதுவும் இல்லை. ‘ஆமா’, ‘நானும் வர்றேன்’ என்று அங்கங்கே பெண்கள் சொன்னார்கள், அவ்வளவுதான். அம்மா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். கூட்டம் முடிந்தது.

ஸ்பீக்கரை மரத்திலிருந்து இறக்கும்போது மாமா புலம்பித் தீர்த்தார். எந்த ஊரிலாவது, எந்தத் தேர்தலிலாவது, ஒரு வேட்பாளர் மைக்கில் ‘ஆகாது’ என்று சொன்னதுண்டா? டெபாசிட் போனால்கூடப் பரவாயில்லை, தன் மைக் செட்டில் இப்படி ஒரு கூட்டம் நடந்தது வெளியே தெரிந்தால் தொழிலே படுத்துவிடும் என்றார். நான் முழுக்க முழுக்க மாமா கட்சி. அப்பா மட்டும் ஒயரைச் சுற்றிக்கொண்டே, ‘விடுங்க மச்சான், அவ சொன்னா ஆகும்’ என்றார். எதைக் கேட்டாலும் ‘வாங்கிடலாம் கண்ணு’ என்கிற மனிதரின் வார்த்தையை நம்பவா முடியும்?

ஓட்டுப்பதிவு முடிந்ததற்கும் வாக்கு எண்ணுவதற்கும் இடையில் இருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் அம்மா ஜெயித்தால் வகுப்புக்கே மிட்டாய் என்று சொல்லிவைத்திருந்தேன். கவுன்சிலர் மகள் என்று என்னைக் கூப்பிடுவார்கள் என்ற நினைப்பே இனித்தது. எண்ணுகிற நாளுக்கு முன்தினம் சாயங்காலம், அம்மா துவைத்த துணியைக் கொடியில் போடும்போது, பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டேன்.

‘ஏம்மா, நீ ஜெயிச்சிருவியா?’

அம்மா கையிலிருந்த சட்டையை உதறினாள். மறுபடி உதறினாள். அதில் உதறுவதற்குத் தண்ணீரே மிச்சமில்லை.

‘பாக்கலாம்’ என்றாள்.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? அவளுக்கே தெரிந்திருக்கிறது, தோற்கப்போகிறாள், பவுடர் பூசிச் சொல்கிறாள். கொல்லைப்பக்கம் போய் விறகு அடுக்கின் மேல் உட்கார்ந்து ஆசைதீர அழுதேன். இவளுக்கு ஜெயிக்க வேண்டும் என்ற எண்ணமே கிடையாது என்று கோபமாகவும் வந்தது.

மறுநாள் வாத்தியார்கள் எல்லோரும் வாக்கு எண்ணப் போய்விட்டதால் பள்ளிக்கூடம் லீவு. மாமா அம்மாவின் ஏஜெண்டாக விடியும்போதே ஜீப்பில் போய்விட்டார். அம்மாவும் போக வேண்டியவள்தான். ஆனால் அவள் வழக்கம்போல செடி கிழிக்காமலிருக்க இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு பெரட்டுக்குக் கிளம்பினாள். லீவு போடவில்லையா என்று அப்பா கேட்டதற்கு, ‘அங்க போய் நின்னா ஓட்டு கூடிருமா?’ என்றாள். வீட்டில் தனியாக இருக்கப் பிடிக்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

அன்றைக்கு ரோட்டுக்கு மேலே உள்ள சரிவில் வேலை. அங்கே செல்போனுக்கு டவர் கிடைக்காது. நான் ஒரு சில்வர் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பனிமூட்டம் வந்து மூடுவதும் விலகுவதுமாக இருந்தது. அது மூடும்போது பெண்களின் பேச்சு மட்டும் கேட்கும், விலகும்போது தலைகள் தெரியும். அன்று பேச்சு கம்மி. அம்மா வழக்கத்தைவிட வேகமாக எடுப்பதுபோல் எனக்குத் தோன்றியது. மற்றவர்களைத் தாண்டி முன்னே போய்க்கொண்டே இருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் கீழே ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. பனியில் ஒன்றும் தெரியவில்லை. ஜீப் நின்றது. பிறகு ‘ஹலோ, ஹலோ’ என்று மலையே அதிரும்படி ஒரு குரல். மாமா! ஏறி வந்து சொல்ல அவருக்குப் பொறுமையில்லை. ஜீப்மேல் கட்டியிருந்த ஸ்பீக்கரை எங்கள் பக்கம் திருப்பி மைக்கை எடுத்துவிட்டார். அத்தனை நாள் தீட்டி வைத்திருந்த சரித்திரம், சகாப்தம், விடிவெள்ளி, வீரமங்கை ஒன்றுமே அவருக்கு வரவில்லை.

‘அக்கா... அக்கோவ்... ஜெயிச்சிட்டக்கா!’

அதற்கு மேல் பேச முடியாமல் மைக்கிலேயே தேம்பித் தேம்பி அழுதார். அந்த அழுகையும் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. சொற்ப ஓட்டு வித்தியாசம்தான். ஆனால் பிரியாணி சாப்பிட்ட லயத்துப் பெண்களும் ஸ்டூலில்தான் குத்தியிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. காட்டில் ஒரே கூச்சல். பெண்கள் பையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நான் செடிகளுக்குள் விழுந்து எழுந்து கை காலெல்லாம் சிராய்த்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினேன்.

அம்மா என் தலையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டு, மறுபடி செடிப்பக்கம் திரும்பினாள். நிரையில் இன்னும் சில செடிகள் பாக்கி. அதை எடுத்துமுடித்துவிட்டுத்தான் கீழே இறங்கினாள்.

பதவிக்காலம் முழுக்க அவள் இலை எடுக்கவும் போனாள், கூட்டத்துக்கும் போனாள். வளைவில் விளக்கு எரிந்தது. முதல்நாள் அந்த வெளிச்சத்தில் நின்ற காட்டெருமை கண் கூசித் திருதிருவென்று விழித்ததைப் பார்க்க லயமே திரண்டு வந்தது. மேல் லயத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர் வந்தது. படிக்கட்டில் கம்பி வந்தது. ரேஷன் வண்டிதான் லேசில் வரவில்லை. அதற்காகப் பெரியக்கா தலைமையில் லயத்துப் பெண்கள் முறைவைத்து அம்மாவோடு போனார்கள். ஒரு ஆபீசில் அவர்களைப் பார்த்ததுமே ஆபீசர் நாற்காலியிலிருந்து எழுந்துவிடுகிற அளவுக்கு ஆனபிறகு, ஒரு சனிக்கிழமை வண்டி எங்கள் திடலில் வந்து நின்றது. கவுன்சிலர் மகள் என்று என்னை எல்லோரும் கூப்பிட்டார்கள். இன்றைக்கும் அந்தப் படிக்கட்டில் ஏறும்போது, தேவையே இல்லாவிட்டாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுவேன். கை வைக்கிற இடமெல்லாம் பெயின்ட் போய்ப் பளபளக்கிறது. அதைத் தொடும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும்.

ஆனால் என் அம்மாவை நினைத்தால் முதலில் ஞாபகம் வருவது விளக்குமில்லை, கம்பியுமில்லை. அந்த எண்ணிக்கை நாளன்று இலையை எடை போட்ட இடம்தான்.

மாமாவின் அழுகையெல்லாம் ஓய்ந்தபிறகு, பெண்கள் எடை போட வரிசையில் நின்றார்கள். எஸ்டேட்டிலேயே சுத்தமான இலை அம்மாவுடையது என்று பெயர். ரெண்டு இலையும் ஒரு மொட்டுமாகத்தான் அவள் பையில் இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு, ‘இப்படி எடுக்கணும்’ என்று சூப்பர்வைசர் அவள் பையைத்தான் கவிழ்த்துக் காட்டுவார். அன்றும் பழக்கதோஷத்தில் பைக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளினார். வந்தது முழுக்க முத்தல் இலை. காம்பு, குச்சி, காய்ந்த சருகு. நடுவில் பெரணிச் செடி ஒன்று வேரோடு வந்திருந்தது.  அவர் பிடியைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டு, வாயை இறுக்கிக் கட்டி, ‘எடை போடுங்க’ என்றார். கீழே விழுந்திருந்த பெரணியைப் பெரியக்கா காலால் மெல்லத் தள்ளி மறைத்தாள்.

எனக்கோ ஒரே சிரிப்பு. ‘அம்மா குப்பையப் பறிச்சிருக்கா, அம்மா குப்பையப் பறிச்சிருக்கா’ என்று குதித்தேன். அம்மா என்னை அதட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். கறை படிந்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவளை ஆசையே இல்லாத ஜென்மம் என்று நினைத்திருந்தேன். எனக்கு அப்போது இலை பார்க்கத் தெரியாது.